காயத்துக்குப் பிறகு உடலை மீட்டெடுப்பது எப்படி? ஓர் இயன்முறை சிகிச்சையாளரின் வழிகாட்டி

காயம் பட்டு வருகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது, "எத்தனை நாளில் சரியாகும்?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் நாள்கணக்கை மட்டும் சொன்னால் பாதிப் பதில்தான் சொன்னதாகும். கிழிந்த திசு ஒட்டிக்கொள்வது ஒரு வேலை. ஒட்டிய திசு மறுபடியும் உங்கள் எடையையும் ஓட்டத்தையும் படிக்கட்டுகளையும் முழு வேலை நாளையும் தாங்கும் அளவுக்கு வலுப்பெறுவது இன்னொரு வேலை. முதலாவதை உடல் பெரும்பாலும் தானே பார்த்துக்கொள்கிறது. இரண்டாவதை நாம்தான் செய்ய வேண்டும். ஓய்வெடுத்து, வலி போனதும் பழையபடி ஓடத் தொடங்கி, சில வாரங்களில் அதே காலைப் பிடித்துக்கொண்டு திரும்பி வருகிறவர்களிடம் விசாரித்தால், இந்த இரண்டாவது வேலை நடந்தே இருக்காது.

கணுக்கால் சுளுக்கு, தசைக் கிழிவு, முழங்கால் வலி, தோள்பட்டை வலி, இடுப்பு வலி என்று அறுவை சிகிச்சை தேவைப்படாத சாதாரணக் காயங்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் தங்கள் மருத்துவர் வகுத்துத் தந்த கால வரம்புகளைத்தான் முதலில் பின்பற்ற வேண்டும்.

முதலில் ஆபத்தை விலக்குங்கள்

கணுக்கால் பிசகியதும் எலும்பு முறிந்திருக்குமோ என்ற பயம் எல்லோருக்கும் வரும். இதைத் தீர்மானிக்க, கனடாவின் ஒட்டாவா நகரில் மருத்துவர் இயன் ஸ்டீலின் குழு 1992-ஆம் ஆண்டு சில எளிய விதிகளை வகுத்தது. அவசர சிகிச்சைப் பிரிவுகளில் இன்றும் அவை பயன்படுகின்றன. கணுக்காலின் இருபுறமும் துருத்தி நிற்கும் எலும்பின் பின்விளிம்பிலோ நுனியிலோ அழுத்தினால் வலிக்கிறதா? பாதத்தின் வெளிவிளிம்பில் நடுவே தட்டுப்படும் எலும்பு முண்டிலோ, உட்புறம் கணுக்காலுக்குச் சற்று முன்னால் இருக்கும் எலும்பிலோ அழுத்தினால் வலிக்கிறதா? அடிபட்ட உடனேயும் மருத்துவர் பார்க்கும்போதும் நான்கு அடி எடுத்துவைக்க முடியவில்லையா? இவற்றில் ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் எக்ஸ்ரே எடுத்துவிடுவது நல்லது. எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்றால் எலும்பு முறிந்திருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. சிறு குழந்தைகளுக்கும் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கும் இந்த விதிகள் பொருந்தாது.

தாமதிக்கவே கூடாத அறிகுறிகள் வேறு சில உண்டு. இடுப்பு வலியோடு சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போவது, தொடைகளின் உட்புறமும் ஆசனவாய்ப் பகுதியும் மரத்துப்போவது ஆகியவை தெரிந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மாவுக்கட்டுக்கோ நீண்ட படுக்கைக்கோ பிறகு ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் ரத்தக் கட்டியாக இருக்கலாம். குதிகாலுக்கு மேலே யாரோ உதைத்தது போன்ற அதிர்ச்சி, அதன் பிறகு எம்பி நிற்கவே முடியாத நிலை என்றால் குதிகால் தசைநாண் (கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் நாண்) அறுந்திருக்கக்கூடும். முழங்காலில் 'டப்' என்ற உணர்வும் சில மணி நேரத்துக்குள் பெரிய வீக்கமும் வந்தால் ஜவ்வு கிழிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காய்ச்சலோடு வீங்கிய மூட்டு, எப்படிப் படுத்தாலும் இரவில் குறையாத வலி, காரணமில்லாமல் உடல் மெலிவது ஆகியவற்றுக்கும் உடற்பயிற்சி பதில் ஆகாது.

முதல் சில நாட்கள்

ஓய்வு, ஐஸ், இறுக்கக் கட்டுதல், காலை உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் சேர்த்து ஒரு சூத்திரமாகத் தந்தவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின். அது 1978-இல். ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று 2014-இல் அவரே தன் கருத்தை மாற்றிக்கொண்டார். ஆனாலும் அந்தப் பழைய சூத்திரம் இன்னும் எல்லா முதலுதவிச் சுவரொட்டிகளிலும் உட்கார்ந்திருக்கிறது!

காரணம் எளிது. சிவந்து, வீங்கி, சூடாவது பழுதுபார்ப்பின் முதல் கட்டம். சேதமான திசுவை அகற்றும் செல்கள் அந்த வீக்கத்தோடுதான் வந்து சேர்கின்றன. அதை முழுவதுமாக அணைத்துவிட வேண்டிய அவசியம் இல்லை. வலி தாங்க முடியாவிட்டால் துணியில் சுற்றிய ஐஸைப் பத்து, பதினைந்து நிமிடம் வைக்கலாம். வலியைக் குறைக்க அது உதவும். அதற்கு மேல் அதனிடம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். வீக்கத்தைக் குறைக்கும் மாத்திரைகளை நாள்கணக்கில் நீங்களாகவே விழுங்காதீர்கள், மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எலாஸ்டிக் கட்டுப் போடுவதும் காலை இதயத்தின் மட்டத்துக்கு மேலே வைத்துப் படுப்பதும் இன்றும் செல்லுபடியாகும். வீங்கிய இடத்தை அழுத்தித் தேய்த்து உருவிவிட யாரையும் அனுமதிக்காதீர்கள்.

காயத்துக்கு முழு ஓய்வு என்பது ஒன்றிரண்டு நாள், அதிகம் போனால் மூன்று நாள். அதன் பிறகு கணுக்காலை மேலும் கீழும் அசைப்பது, படுத்தபடியே முழங்காலை மடக்கி நீட்டுவது, வலி அனுமதிக்கும் அளவுக்கு ஊன்றுகோலின் துணையோடு எடையை ஊன்றுவது என்று தொடங்கிவிட வேண்டும். முழங்கால் வீங்கினால் தொடையின் முன்புறத் தசைக்கு மூளையிலிருந்து வரும் கட்டளை குறைந்துவிடுகிறது. தசை சும்மா இருப்பதால் மட்டும் மெலிவதில்லை, இப்படிக் கட்டளை குறைந்துபோவதாலும் மெலிகிறது. அதனால்தான் முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கீழ்நோக்கி அழுத்திப் பிடிக்கும் சின்னப் பயிற்சியை முதல் வாரத்திலேயே சொல்லித் தருகிறோம். பார்க்க ஒன்றுமில்லாதது போல இருக்கும், செய்யுங்கள்.

அளந்து எழுதி வையுங்கள்

ஒரு சிறிய குறிப்பேடு வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு பக்கக் கணக்கு: காயம் பட்ட பக்கம், நல்ல பக்கம்.

கணுக்காலுக்கு மூன்று அளவுகள் போதும். சுவரைப் பார்த்து நின்று, குதிகாலைத் தூக்காமல் முழங்காலால் சுவரைத் தொட முடிகிற அதிகபட்ச தூரத்தில், கட்டைவிரலுக்கும் சுவருக்கும் இடையே எத்தனை சென்டிமீட்டர்? ஒற்றைக் காலில் நின்று எத்தனை முறை குதிகாலை முழு உயரத்துக்குத் தூக்கி இறக்க முடிகிறது? ஒற்றைக் காலில் எத்தனை விநாடி தடுமாறாமல் நிற்க முடிகிறது? முதல் வாரத்தில் இவற்றில் சில செய்ய முடியாததாகவே இருக்கும். அதையும் எழுதுங்கள், வலியை வரவழைத்து அளக்க வேண்டாம். தோள்பட்டைக்கு, கையைப் பக்கவாட்டில் எவ்வளவு உயரம் தூக்க முடிகிறது, முதுகுக்குப் பின்னால் எதுவரை எட்டுகிறது என்பது போதும்.

உடலின் அளவுகளுக்கு அடுத்த பக்கத்தில் வேறு விவரங்கள் வேண்டும். எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள், வேலையில் எவ்வளவு நேரம் நிற்கிறீர்கள் அல்லது உட்காருகிறீர்கள், இந்தக் காயத்தைப் பற்றி உங்களுக்கு இருக்கும் மிகப் பெரிய பயம் எது, எந்த ஒரு செயலை மறுபடி செய்ய ஆசை. நான் புதிதாக வருகிறவரின் காலைத் தொடுவதற்கு முன் இவற்றைத்தான் கேட்பேன். சிலர் "வலி இங்கே இருக்கிறது, தூக்கத்தைப் பற்றி ஏன் கேட்கிறீர்கள்?" என்று முறைப்பதும் உண்டு. உடலும் மனமும் வாழும் சூழலும் சேர்ந்தே நோயையும் குணத்தையும் தீர்மானிக்கின்றன என்று அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் எங்கல் 1977-இல் எழுதினார். இன்று வலி சார்ந்த சிகிச்சை பெரும்பாலும் அந்தப் பார்வையின் மேல்தான் நிற்கிறது. இப்படி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பதுதான் முழுமையான அணுகுமுறை, நறுமண எண்ணெயும் மெல்லிய இசையும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

பளு ஏற்றுவது

இதுதான் நடுநாயகம். மற்ற எல்லாம் இதற்குத் துணை.

இரண்டாம் உலகப் போரின் இறுதியில், காயம் பட்ட ராணுவ வீரர்களின் முழங்கால்களை மென்மையான, களைப்பூட்டாத பயிற்சிகளால் மாதக்கணக்கில் தேற்றிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டெலார்ம் அதை மாற்றி, கனமான எடையைக் குறைந்த முறை தூக்க வைத்து, வலு கூடக் கூட எடையையும் கூட்டினார். 10 முறை மட்டுமே தூக்க முடிகிற எடையை அளவுகோலாக வைத்துக்கொண்டார். 1945-இல் அவர் வெளியிட்ட அந்த முறைதான் இன்றைய மறுவாழ்வுப் பயிற்சிகளுக்கும் ஜிம் பயிற்சிகளுக்கும் பொதுவான அடித்தளம். தசையும் தசைநாணும் எலும்பும் தங்கள் மேல் விழும் பளுவை உணர்ந்து அதற்கேற்பத் தங்களைக் கட்டிக்கொள்கின்றன. பளு இல்லையென்றால் கட்டுமானமும் இல்லை.

கெண்டைக்காலையும் கணுக்காலையும் எடுத்துக்கொண்டால் ஏணி இப்படி இருக்கும். முதலில், உட்கார்ந்தபடி பாதத்தைச் சுவரில் அழுத்தி, மூட்டு அசையாமல் 30 முதல் 45 விநாடி பிடித்து விடுவது, ஐந்து முறை. அடுத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு காலிலும் எம்பி மெதுவாக இறங்குவது. அது 15 முறை வீதம் மூன்று சுற்று சுலபமானதும், இரண்டு காலால் எம்பி, காயம் பட்ட காலில் மட்டும் எடையை வைத்து இறங்குவது. பிறகு ஒற்றைக் காலிலேயே ஏறி இறங்குவது. பிறகு கையில் எடை வைத்துக்கொண்டு. இறங்கும்போது மனத்துக்குள் மூன்று எண்ணுங்கள். இங்கே அவசரப்படுகிறவர்கள் பயிற்சியின் பாதிப் பலனைத் தரையில் கொட்டிவிடுகிறார்கள்.

எவ்வளவு கூட்டுவது? ஒரு படியில் கடைசிச் சுற்று முடிந்த பிறகும் "இன்னும் இரண்டு மூன்று முறை செய்யலாம்" என்ற தெம்பு தொடர்ந்து இரண்டு நாட்களில் தெரிந்தால் ஒரு படி ஏறுங்கள். எடை என்றால் ஐந்து முதல் பத்து சதவீதம். ஒரே நாளில் எடை, எண்ணிக்கை, வேகம் மூன்றையும் கூட்டாதீர்கள், ஏதாவது ஒன்றை மட்டும் கூட்டுங்கள். கனமான பயிற்சியை வாரம் மூன்று நாள், இடையில் ஒரு நாள் விட்டுச் செய்தால் போதும். மெல்லிய அசைவுகளைத் தினமும் செய்யலாம்.

வலியை என்ன செய்வது? பூஜ்யத்திலிருந்து பத்து வரை மதிப்பெண் கொடுங்கள். இரண்டு வரை என்றால் கவலையே வேண்டாம். மூன்றிலிருந்து ஐந்து வரை இருந்து, மறுநாள் காலை பழைய நிலைக்கே இறங்கிவிட்டால் பயிற்சி சரியான அளவில் இருக்கிறது. ஐந்துக்கு மேல் போனாலோ, மறுநாள் காலையில் மூட்டு விறைத்து வீங்கியிருந்தாலோ, வலி வாரத்துக்கு வாரம் ஏறினாலோ அளவு அதிகம். பயிற்சியின் நடுவே வருகிற வலியைவிட மறுநாள் காலை எடுத்துவைக்கும் முதல் பத்து அடிகளைத்தான் நான் நம்புவேன். புதிய எலும்பு முறிவுக்கும் அறுவை சிகிச்சைக்குப் பின்னான முதல் வாரங்களுக்கும் இந்த மதிப்பெண் முறை பொருந்தாது.

நாட்பட்ட தசைநாண் வலிக்கு இன்னும் பொறுமை வேண்டும். ஸ்வீடன் மருத்துவர் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், குதிகால் தசைநாண் வலியால் ஓட முடியாமல் இருந்த 15 பேர், படி விளிம்பில் நின்று குதிகாலை மெதுவாகக் கீழே இறக்கும் பயிற்சியை முழங்காலை நீட்டியும் மடக்கியும் நாளுக்கு 180 முறை, 12 வாரம் செய்தார்கள். 15 பேரும் ஓட்டத்துக்குத் திரும்பினார்கள். நாளுக்கு 180 முறை என்பது பலருக்கு நடைமுறையில் முடியாதது. கனமான எடையோடு மெதுவாக, வாரம் மூன்று நாள் செய்தாலும் ஏறக்குறைய அதே பலன் கிடைப்பதாகப் பிற்கால ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நான் இரண்டாவதைத்தான் பரிந்துரைப்பேன், மக்கள் அதைக் கைவிடாமல் செய்கிறார்கள் என்ற ஒரே காரணத்துக்காக.

வலுவோடு சேர்த்துச் சமநிலைப் பயிற்சியும் வேண்டும். ஒரு முறை பிசகிய கணுக்கால் மறுபடி பிசகுவதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று, மூட்டின் நிலையை உணரும் திறன் மங்கிப்போவது. பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நில்லுங்கள். அது பழகியதும் தலையை இருபுறமும் திருப்பிக்கொண்டே நில்லுங்கள். பிறகு, பிடித்துக்கொள்ள ஏதாவது அருகில் இருக்கும்போது, கண்ணை மூடி நில்லுங்கள்.

மீதி உடலை மறந்துவிடாதீர்கள்

ஒரு காலில் காயம் என்றால் ஓய்வு அந்தக் காலின் அந்தப் பகுதிக்குத்தான். கைகள், வயிறு, முதுகு, நல்ல கால் எல்லாவற்றுக்கும் வழக்கமான பயிற்சி தொடரட்டும். நல்ல காலுக்குக் கனமான பயிற்சி கொடுத்தால், கட்டுப் போட்டிருக்கும் காலின் வலு இழப்பும் ஓரளவு குறைகிறது. நரம்பு மண்டலம் இரு பக்கத்தையும் சேர்த்தே கற்றுக்கொள்வதன் பலன் அது. இதய, நுரையீரல் திறனுக்கு நிலைச் சைக்கிள், நீச்சல், உட்கார்ந்து கைகளால் செய்யும் பயிற்சிகள் என்று ஏதாவது ஒரு வழி கிடைக்கும். மூச்சுத் திறனை இழந்த பிறகு காயம் மட்டும் ஆறி என்ன பயன்?

தூக்கம், உணவு, புகை

பெரியவர்களுக்குக் குறைந்தது ஏழு மணி நேரத் தூக்கம். தூக்கம் குறைந்த மறுநாள் அதே காயம் கூடுதலாக வலிக்கும். இது உங்கள் கற்பனை இல்லை, வலியை மட்டுப்படுத்தும் மூளையின் திறன் குறைந்துவிடுகிறது.

காயம் பட்டதும் "இப்போது ஓடவில்லையே, எடை கூடிவிடும்" என்று சாப்பாட்டை வெட்டுகிறவர்கள் உண்டு. வேண்டாம். திசுவைக் கட்டுவதற்குப் புரதம் தேவை. சாதாரணமாக உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் என்றால், மீட்புக் காலத்தில் 1.2 முதல் 1.6 கிராம் வரை எடுப்பது நல்லது. அதை ஒரே வேளையில் திணிக்காமல் மூன்று நான்கு வேளைகளில் பிரித்துச் சாப்பிடுங்கள். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. புகைப்பழக்கம் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்துகிறது. விடுவதற்குக் காரணம் தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு இதோ ஒன்று.

பயம்

ஸ்கேன் அறிக்கையில் 'தேய்மானம்', 'பிதுக்கம்' என்ற சொற்களைப் பார்த்த நாளிலிருந்து குனியவே பயப்படுகிறவர்கள் ஏராளம். 2015-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைச் சேர்த்துப் பார்த்தது. வலி இல்லாத 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதத்தினருக்கு முதுகெலும்புகளுக்கு இடையே இருக்கும் தட்டுகளில் தேய்மானம் இருந்தது. 80 வயதில் அது 96 சதவீதம். தட்டு வீங்கித் தெரிவது 20 வயதில் 30 சதவீதம், 80 வயதில் 84 சதவீதம். ஆகவே அறிக்கையில் இருப்பதெல்லாம் உங்கள் வலிக்குக் காரணம் என்று முடிவு கட்டிவிட முடியாது. அது நரையைப் போல வயதின் அடையாளமாகவும் இருக்கலாம்.

பயம் அசைவைக் குறைக்கிறது, அசைவு குறைந்தால் வலு குறைகிறது, வலு குறைந்த உடலில் சின்னப் பளுவும் வலிக்கிறது, அந்த வலி பயத்தை உறுதிப்படுத்துகிறது. இந்தச் சுழலை வெறும் தைரியப் பேச்சால் உடைக்க முடியாது. பயப்படும் அசைவை மிகச் சிறிய அளவில் செய்துகாட்ட வேண்டும். குனியப் பயமா? நாற்காலியில் உட்கார்ந்தபடி கைகளை முழங்காலிலிருந்து கணுக்கால்வரை நழுவவிடுங்கள். அடுத்த வாரம் நின்றபடி மேசை உயரத்திலிருந்து ஒரு பொருளை எடுங்கள். அதற்கடுத்து நாற்காலி உயரம், பிறகு தரை, பிறகு கையில் எடை. ஒவ்வொன்றையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். உடல் தாங்கியது என்பதற்கு உங்கள் கையெழுத்தே சாட்சி.

எப்போது ஆட்டத்துக்குத் திரும்பலாம்?

வலி இல்லை என்பது மட்டும் போதாது. வலு, தாவும் தூரம் இரண்டிலும் காயம் பட்ட பக்கம் நல்ல பக்கத்தின் 90 சதவீதத்தையாவது எட்ட வேண்டும். ஒற்றைக் காலில் நொண்டியடித்து எவ்வளவு தூரம் தாவி நிலையாக நிற்க முடிகிறது என்று இரு காலிலும் அளந்தால் தெரிந்துவிடும். ஓடத் தொடங்குகிறவர்கள் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றி ஆரம்பித்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓட்டத்தைக் கூட்டட்டும். நேர்கோட்டில் ஓடுவது சுலபமான பிறகுதான் வளைந்து ஓடுவது, திடீரென நிற்பது, திரும்புவது.

முழங்காலுக்குள் இருக்கும் ஏ.சி.எல். என்ற முன்புறக் குறுக்கு ஜவ்வுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. நார்வேயில் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், ஒன்பது மாதம் வரை விளையாட்டுக்குத் திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாய வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஐந்தாம் மாதத்தில் "நன்றாகத்தான் இருக்கிறது" என்று களமிறங்கும் இளைஞர்களின் பெற்றோருக்கு இதை அச்சடித்துத் தரலாம்.

காயம் ஆறியவர்களும் நிறுத்திவிடக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பும், குறைந்தது இரண்டு நாள் தசை வலுப் பயிற்சியும் தேவை. 65 வயதைத் தாண்டியவர்கள் வாரம் மூன்று நாள் சமநிலைப் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மறுவாழ்வுப் பயிற்சியில் செய்த ஏணியின் மேல் படிகளே இதற்குப் போதும்.

வலி திரும்ப வந்தால்

வரும். ஏறக்குறைய எல்லோருக்கும் ஒரு முறையாவது வரும், பெரும்பாலும் உடல் நன்றாக இருப்பதாகத் தோன்றிய நாளில் அளவுக்கு மீறிச் செய்ததற்கு மறுநாள். உடனே படுக்கைக்குப் போகாதீர்கள், மருந்துக் கடைக்கும் ஓடாதீர்கள். மேலே சொன்ன ஆபத்து அறிகுறிகள் எதுவும் இல்லையென்றால், ஏணியில் இரண்டு படி இறங்கி, இரண்டு மூன்று நாள் அங்கேயே செய்துவிட்டு மறுபடி ஏறுங்கள்.

சிகிச்சையாளரைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஒவ்வொரு முறையும் இயந்திரத்தை மட்டும் வைத்துவிட்டு அனுப்புகிற இடமாக இருந்தால் யோசியுங்கள். வெப்பமோ மின்தூண்டலோ சற்று நேரம் இதமாக இருக்கும், வலுவைக் கட்டாது. வீட்டில் என்ன செய்ய வேண்டும், எதை அளக்கிறோம், எப்போது நிறுத்துவோம் என்ற மூன்றையும் முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். ஆறு வாரம் ஒழுங்காகச் செய்தும் குறிப்பேட்டில் ஓர் எண்கூட நகரவில்லை என்றால், பயிற்சியை மாற்ற வேண்டும், அல்லது என்ன காயம் என்பதையே மறுபடி ஆராய வேண்டும். அதே குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.